பன்னிரண்டு எம்.எம்.

நிலம் இங்கேயும் ஆடியது, ஏழு நொடி.
ராஸ் அல் கைமாவில், மொட்டை மலைக்குக் கீழே,
கேம்பின் அடுக்குக் கட்டிலில்
மேலே படுத்திருந்த ரொஃபிகுல்
ஏன் உதைக்கிறாய் என்று என்னைத் திட்டினான்.

அதே ஏழு நொடியில்
கடலுக்கு அந்தப் பக்கம்
ஓர் ஊர் படுத்துவிட்டது.

ஐந்தாம் மாதம் எங்கள் யார்டுக்கு ஆர்டர் வந்தது.
அறுபத்துநாலு வீடு. நிரந்தர வீடு.
நிரந்தரம் என்பதை ஃபோர்மேன் தோமாச்சன்
மூன்று மொழியில் சொன்னார்.
மூன்றிலும் அது ஓவர்டைம் என்றே கேட்டது
பதினொரு வருடமாகத் தற்காலிகக் கேபினில் கிடக்கும் எங்களுக்கு.

வரைபடத்தை விரித்தார்கள்.
எனக்கு அந்த வீட்டைத் தெரியும்.
பத்து வயதிலிருந்து அதில் வளர்ந்தவன் நான்:
சுனாமி குடியிருப்பு, கதவு எண் 87.
அதே ஹால், அதே மூலையில் சுவிட்ச்.
சாவி வாங்கிய அன்று
மற்றவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்,
குழாயைத் திறந்து பார்த்தார்கள்.
அப்பா அண்ணாந்து பார்த்தார்.
கூரையில் கொக்கி இல்லை.

தம்பி அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம்.
அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு பேரைப் பற்றி
எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

அப்பா உளி வாங்கிவந்து கூரையைக் குத்தினார்.
கம்பி தெரிந்ததும் சேலையைக் கட்டினார்.
தம்பி ஆடினான்,
உப்புக் காற்றும் கூடவே ஆடியது.
மூன்றாம் மழைக்குள் கம்பி துருவேறி வீங்கி
சிமெண்டைத் தள்ளியது.
தூளியில் யாருமில்லாத ஒரு மத்தியானம்
கைப்பிடிக் கூரை அதில் விழுந்து கிடந்தது.
பார்க்க வந்த அதிகாரி சொன்னார்:
"நல்ல வீட்டக் குடுத்தா இப்படித்தான் பண்ணுவீங்க."

கியூசி சப்ரி, எகிப்துக்காரர்.
கேட்டுப் பார்த்தேன்.
"டிராயிங்கில் இருக்கிறதா?"
இல்லை.
"அப்படியென்றால் இல்லை."

சக்ர் துறைமுகத்திலிருந்து
பலகைகளைப் பார்ஜில் ஏற்றிப்போகும் யாதுல்லா அக்கரைக்காரன்.
அவன் முன்னால் இரண்டு கையையும் ஏந்தி ஆட்டிக் காட்டினேன்.
"நன்னு" என்றான், அவன் ஊர்ச் சொல்.
எங்கே கட்டுவீர்கள்?
மேலே காட்டினான். பேரீச்சை உத்தரம்.
பிறகு அதே கையைக் கவிழ்த்து
உத்தரம் எப்படி இறங்கியது என்றும் காட்டினான்.
நான் அதைக் கேட்கவில்லை.

அன்றிரவு வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கினேன்.
பன்னிரண்டு எம்.எம்., முழ நீளம்.
வளைத்து, இரு முனையையும் வலைக் கம்பியில் மாட்டி,
துத்தநாகப் பூச்சு இரண்டு கை அடித்து,
சோப்புக்கட்டி அளவு தெர்மோகோலை
நடுவில் குத்தி
அச்சுப் படுக்கையில் உட்காரவைத்தேன்.
மேலே கான்கிரீட் வந்து மூடியது.

இருபதாவது பலகையில் சப்ரி பார்த்துவிட்டார்.
"என்ன இது?"
ஃபேன் பாக்ஸ் என்றேன்.
ஃபேன் பாக்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.
என்னையும் அதையும் பார்த்தார்.
சிகரெட் பற்றவைத்து
அடுத்த படுக்கைக்குப் போனார்.
சாயங்காலம் தாளில் அவர் டிக் இருந்தது.

கடைசி பார்ஜ் கிளம்பும்போது
யாதுல்லாவிடம் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து
விரலால் நோண்டிக் காட்டினேன்:
போய்ச் சொல், ஹாலில் அண்ணாந்து பார்க்கச் சொல்,
வெள்ளையாக இருந்தால் சுரண்டச் சொல்.
தலையாட்டினான்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் அவன்.

சொன்னானோ என்னவோ.
வெள்ளைக் கூரையில் வெள்ளைத் துண்டு,
மேலே பெயிண்ட் அடித்திருந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று.
நாற்பத்தொன்றாம் வீட்டில் விட்டுப்போயிற்று.
கலவை லாரி சீக்கிரம் வந்துவிட்டது,
நான் கக்கூஸ் வரிசையில் நின்றேன்.
திரும்பி வந்தபோது வைப்ரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீடு
பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களுக்குப் போகட்டும்
என்று நினைத்தேன்,
நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

87-க்குக் குடிபோனபோது
அம்மாவுக்கு நாற்பத்திரண்டு.